ரிக்கற் எடுத்து உள்ளே போன நாள்

உள்ளூராருக்கு நூற்றைம்பது ரூபாய்.
"நீங்கள் உள்ளூர்தானே அக்கா?"
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பெட்டை கேட்டாள்.
இதே தோட்டத்தில் ஒன்றரை வருடம்
முழங்காலில் நின்றவள் என்றால்
ஏதும் குறைப்பார்களோ என்று யோசித்தேன்.
மகளுக்கு அரை ரிக்கற்.
சில்லறை பார்த்துக் கொடுத்தேன்.

ஒட்டுசுட்டான் வீதியால் திரும்பி
முதிரைகளுக்குள்ளே ஒரு கட்டை.
பென்றோஸ் துரையின் பங்களா
புதுச் சுண்ணாம்பில்
பல் விளக்கிய மாதிரி நிற்கிறது.
வாசலில் மும்மொழிப் பலகை.
தமிழில் மட்டும் ஒரு துணைக்கால் கூடிப்போய்
'பூந்தோட்டாம்'.
இந்த வளவில்
ஒரு கால் மிஞ்சிக் கண்டது
அன்றைக்குத்தான்.

வழிகாட்டி டிலக்சன், இருபது வயதிருக்கும்,
இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி.
துரை இந்தத் தாமரைத் தடாகத்தை வெட்டினார் என்றான்.
துரை இந்தத் தென்னைகளை வைத்தார்.
துரை, கப்பலில் வந்த ரோசாவுக்குப்
பேராற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்.
எத்தனை கை அந்த மனிசனுக்கு
என்று எனக்குள் எண்ணிக்கொண்டு போனேன்.
கொழும்பிலிருந்து வந்த சோடியொன்று
எல்லாவற்றையும் படமெடுத்தது.

எனக்குத் தெரிந்த தோட்டத்துக்கு
அகலம் ஒரு மீற்றர்.
இரண்டு பக்கமும் நூல், முன்னால் சிவப்புத் தடி,
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்கு நீராவி.
வாரியால் ஒரு விரற்கடை,
பிறகு இன்னொரு விரற்கடை.
ரோசா எங்கே அப்போது?
நாயுண்ணியும் ஈஞ்சு முள்ளும்.
ரோசாப் பாத்தி என்று அவன் காட்டும் இடத்தில்
ஜொனி இரண்டு, பி-நாலு ஒன்று.
சூரிய மணிக்கூட்டின் அடியில் ஒரு சிரட்டையும்
அதற்குள் சுருண்ட விரியன்குட்டியும்.
ரஞ்சிதமலர் அதைக் கலைக்காமல்
பக்கத்தால் வாரி முடித்தாள்.
இப்போது கிளிநொச்சியில் கடை போட்டிருக்கிறாள்;
போன் எடுத்தால் முட்டை விலை கதைப்பாள்.

பங்களாவுக்குள் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
சாப்பாட்டு மேசை, மான்கொம்புகள்,
துரைசானியின் பியானோ என்று ஒரு பியானோ.
கண்ணாடிப் பெட்டியில்
நீல வெல்வெட்டின் மேல்
ஒரு கரண்டி.

நின்றுவிட்டேன்.
கருவி கத்தி, எல்லாரையும் பின்னுக்கு அனுப்பி,
குப்புறப் படுத்து ஒன்றேமுக்கால் மணித்தியாலம்
மண்ணைத் துணிக்கை துணிக்கையாய் நீக்கி
நான் பிறப்பித்த கரண்டி.
கழுத்தில் ஒரு கீறல்,
என் கம்பி பட்டது.
'துரை குடும்பத்தார் பாவித்தது' என்று எழுதியிருந்தார்கள்.
அவர்கள் அதால் என்ன சாப்பிட்டார்களோ,
நான் அன்றைக்குச் சாப்பிடவேயில்லை.

"தேத்தண்ணிக்கு இவ்வளவு சின்னக் கரண்டியா?"
என்றாள் மகள்.
ஓமென்றேன்.

வெளியே புல்வெளி.
'புல்லை மிதிக்காதீர்.'
இதில் எழுத்துப் பிழையில்லை.
நான் வாசித்து முடிக்கமுன்
அவள் கயிற்றுக்குக் கீழால் புகுந்து ஓடினாள்.
காவலாளி விசில் ஊதினான்.

விசில் கேட்டால்
நின்ற இடத்தில் நிற்கவேண்டும்.
கை எதைத் தொட்டபடி இருந்ததோ
அதைத் தொட்டபடி இருக்கவேண்டும்.
என் உடம்பு அப்படியே நின்றது,
ஒரு கை கைப்பையின் வாய்க்குள்.

அவளுக்கு அது வெறும் விசில்.
முதலில் என் ஒழுங்கையைக் கடந்தாள்.
பிறகு ரஞ்சிதமலரின் ஒழுங்கை,
பிறகு, இனி ஏலாதென்று
ஒரு மத்தியானம் எழும்பிப் போன
சிவானந்தியின் அரை ஒழுங்கை.
அதற்கங்கால்
காய்ச்சலென்று நான் லீவு எடுத்த கிழமை
யாரோ வாரிய மண்.